ஏலக்காய் போன ரூட்டுல ஒரு ஃபேமிலி டூர்!

எங்க ஊர் ஏலக்காய் எப்பவோ வடக்கே போயிருச்சு. நாங்கதான் இன்னும் போகலை!

ஜோக் இல்லீங்க, நிஜம். போடியில் ஏலம் முடிந்து மூட்டை கட்டுகிற ஏலக்காய் டெல்லிக்கும் கான்பூருக்கும் ஜாலியாக லாரி ஏறிப் போகிறது. அதை மலையில் பறிக்கிற, கீழே உட்கார்ந்து தரம் பிரிக்கிற எங்கள் ஜனங்களில் எத்தனை பேர் ஓசூரைத் தாண்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், கை விரல் மிச்சமிருக்கும்.

ராசிங்காபுரம் எங்கே இருக்கு என்கிறீர்களா? போடியிலிருந்து தேவாரம் போற பஸ்ஸில் ஏறி, சிலமலை தாண்டினதும் ரெடியா இருந்தீங்கன்னா இறங்கிடலாம். மேற்கே நிமிர்ந்தால் மலை. அந்த மலைக்கு மேலே கேரளா. அப்பாவுக்கு ஜீப் ஓட்டுகிற வேலை. விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, ஏலத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவார். அம்மா, ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. நான், போடிக்கும் தேனிக்கும் பஸ்ஸில் தொங்குகிற காலேஜ் பார்ட்டி.

போன ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, வாசலில் கட்டில் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் தங்கச்சி அந்தக் குண்டைப் போட்டாள்.

"என் கிளாஸ்ல எல்லாரும் எங்கெங்கயோ போறாங்க. நாம மட்டும் வைகை டேமைத் தவிர எதைப் பார்த்தோம்?"

சித்தப்பா ஏதோ உற்சாகத்தில், "என் வண்டி சும்மாதானே நிக்குது. ஏழு பேர் போகலாம். எங்கன்னு சொல்லுங்க, போவோம்" என்றார்.

"லடாக்!" என்றேன் நான்.

"காசி" என்றார் அப்பத்தா.

ரெண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. பஞ்சாயத்து ஆரம்பம்!

லடாக்கா... காசியா?

நம்ம வயசுக்கு லடாக்தானே கனவு? நீல ஏரி, மொட்டை மலை, டென்ட், பைக்... போட்டோ பார்த்தே பாதி ஆயுசு போயிருச்சு. அப்பத்தாவுக்கு வயசு 74. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். "அப்பத்தாவுக்கு ஸ்வெட்டர் வாங்கிட்டா முடிஞ்சது" என்று நான் அசால்ட்டாகச் சொல்லிவிட்டேன். போடியில் அவர் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் அடுத்த வாரம் போனபோது, சும்மா ஒரு வார்த்தை கேட்டேன். அவர் திருப்பி என்னைக் கேட்டார்: "தம்பி, ஆனைமுடி எவ்வளவு உயரம்?"

தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரம், நம்ம பக்கத்து ஆனைமுடி. 2,695 மீட்டர். அதன் உச்சியில் ஏறி நின்றாலும் லே ஊரின் உயரத்துக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. லே சுமார் 3,500 மீட்டர். கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேலே. எங்கள் போடிமெட்டு 1,400 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்!

2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்ஸிஜன் குறைந்துவிடுகிறது. இதில் சின்னப் பையன், வயசானவர் என்ற பேதமே கிடையாது. ஜிம் பாடி வைத்திருக்கிறவனும் சுருண்டு படுப்பான். 3,000 மீட்டருக்கு மேலே போனால், ராத்திரி தங்குகிற இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்கிற கணக்கு. தலைவலி முற்றினால் மாத்திரை போட்டுச் சமாளிக்கக் கூடாது, உடனே கீழே இறங்கணும். 'ஆளைத் தூக்கிக்கிட்டு இறங்க முடியுமா?' என்று யோசித்துப் பார்த்தேன். லடாக் என் நோட்டில் ஒரு கோடு வாங்கிக்கொண்டது. கொஞ்சம் வலித்தது. பரவாயில்லை, அது அப்படியே அங்கேயே இருக்கும். அப்பத்தாவின் கால்கள் இன்னும் எத்தனை வருஷம் நடக்கும் என்றுதான் தெரியாது.

சரி, டென்ட் ஆசை? அதற்கும் வழி கிடைத்தது. காசி முடித்து ரிஷிகேஷ். அது கிட்டத்தட்ட எங்கள் போடியின் உயரத்தில்தான் இருக்கு! அங்கிருந்து சம்பா வழியாக மலை ஏறினால் தனோல்டி. சுமார் 2,300 மீட்டர். தேவதாரு மரக்காடு, குளிர், வானம் தெளிந்தால் தூரத்தில் பனிமலை. லடாக் இல்லைதான். ஆனால் ஏழு பேரும் ஒன்றாகப் பார்க்க முடிகிற இமயமலை!

திண்டுக்கல்லில் ஏறினா காசி

மேப்பை விரித்தபோதுதான் ஒரு ஆச்சரியம். பழைய தேசிய நெடுஞ்சாலை 7 ஞாபகம் இருக்கா? வாரணாசியில் ஆரம்பித்து கன்னியாகுமரியில் முடிகிற 2,369 கிலோமீட்டர் ரோடு. அந்தக் காலத்தில் நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை. அது நம்ம திண்டுக்கல் வழியாகத்தான் போனது. அதாவது, அப்பத்தா கேட்ட காசிக்கு ஒரே ரோடு, எங்கள் வீட்டிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில்! 2010-ல் நம்பர்களை எல்லாம் மாற்றிவிட்டார்கள். இப்போது கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போவது 44-ம் நம்பர். நாக்பூர், சிவனி தாண்டி லக்னாதோன் என்கிற ஊரில் ஸ்ரீநகர் ரோட்டுக்கு டாட்டா காட்டிவிட்டு, ஜபல்பூர் பக்கம் திரும்ப வேண்டும்.

நோட்டில் எழுதின ரூட் இது: ராசிங்காபுரம் - கிருஷ்ணகிரி, முதல் நாள். அனந்தபூர், ரெண்டாம் நாள். ஹைதராபாத், மூணாம் நாள். அங்கே ஒரு நாள் ரெஸ்ட். அப்புறம் அடிலாபாத், சிவனி, ரேவா என்று மூன்று இரவுகள். எட்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குக் காசி! மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர். காசியில் மூன்று நாள். ரிஷிகேஷ் போக மூன்று நாள். தனோல்டியில் ரெண்டு நாள். டெல்லி, ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர் வழியாகத் திரும்ப எட்டு நாள். ஆகமொத்தம் 24 நாள், சுமார் 6,000 கிலோமீட்டர்.

காசியில் மொழி பயம் வேண்டாம். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. குமரகுருபரர் வழியில் வந்த மடம் இருக்கிறது. கேதார் காட், அனுமன் காட் பக்கம் போனால் தமிழ்க் குரலே காதில் விழும். நம்ம பாரதியும் 1898-ல் அங்கே போய், அனுமன் காட்டில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தவர்தான். முண்டாசும் மீசையும் வந்தது அந்த ஊரில்தான் என்பார்கள். வழியில் இருக்கிற மற்ற ஊர்களுக்கு? 'பானி', 'கித்னா', 'ராஸ்தா' என்று தங்கச்சி பத்து வார்த்தை மனப்பாடம் செய்கிறாள். அப்பத்தாவின் டெக்னிக் இன்னும் சிம்பிள்: "வாய்ல கை வச்சா சோறு, கும்பிட்டா வழி. அம்புட்டுதேன் ராசா!"

17 வளைவும் ஒரு நேர் ரோடும்

இந்த இடத்தில்தான் பெரிய சண்டை வந்தது. அப்பாவுக்கு என் 24 நாள் பிடிக்கவில்லை.

"என்னடா இது, மாட்டு வண்டியிலயா போறோம்? ராத்திரி கிளம்பினா விடியறப்ப பெங்களூர். அடுத்த ராத்திரி ஹைதராபாத். நாலே நாள்ல காசி. நான் இருபது வருஷமா மெட்டு ரோட்டுல ஓட்டுறேன்."

போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. மழையிலும் மூடுபனியிலும் அப்பா அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார். அவரிடம் போய், 'உங்களுக்கு ஓட்டத் தெரியாது' என்று யார் சொல்வது? நான் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "அப்பா, மெட்டு ரோட்டுல உங்களுக்கு எப்பவாச்சும் தூக்கம் வந்திருக்கா?"

"அங்க எப்படிடா வரும்? நிமிஷத்துக்கு ஒரு வளைவு!"

"நேர் ரோட்டுல வருமா?"

பதில் இல்லை. போன வருஷம் திண்டுக்கல் பைபாஸில் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி அவர் முகம் கழுவினது எனக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கும் இருந்தது.

விஷயம் இதுதான். வளைவு ரோடு டிரைவரை எழுப்பிக்கொண்டே இருக்கும். நாலு வழிச் சாலை தாலாட்டும். ஒரே வேகம், ஒரே சத்தம், ஒரே வெள்ளைக் கோடு. அதுவும் ராத்திரி ரெண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை உடம்பே 'தூங்கு' என்று உத்தரவு போடுகிற நேரம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு ரவுண்டு சொக்கும். டீயும் பாட்டும் இதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், விரட்டாது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961-லேயே டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தரணும் என்று எழுதிவிட்டது. சம்பளத்துக்கு ஓட்டுகிறவருக்கே இந்தக் கணக்கென்றால், சொந்தக் குடும்பத்தை வைத்து ஓட்டுகிறவருக்கு?

கடைசியில் தீர்ப்பு சொன்னது அப்பத்தா. "பதறாத காரியம் சிதறாதுப்பா. அம்புட்டு வருசமா அங்கனயே இருக்கிற காசி, நாலு நாள்ல எங்கயும் ஓடிப் போயிராது."

அப்பா சிரித்துவிட்டார். கையெழுத்தான ஒப்பந்தம்: காலை ஐந்து மணிக்குக் கிளம்புவது. நாளுக்கு அதிகபட்சம் 350 கிலோமீட்டரை ஒட்டி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி அப்பாவும் சித்தப்பாவும் மாறிக்கொள்வது. இருட்டினால் சாவி அம்மாவிடம்!

எப்போ போறது?

அடுத்த தலைவலி தேதி. ஏலக்காய் பறிப்பு ஆடி வாக்கில் சூடு பிடித்து தை வரை போகும். அந்த மாதங்களில் அப்பாவின் ஜீப் நின்றால் அடுப்பும் நிற்கும். டிசம்பர் கடைசியில் உத்தரப்பிரதேசம் முழுக்க அடர்ந்த பனிமூட்டம், பத்தடி தள்ளி நிற்கிற லாரி தெரியாது. ஜூலை, ஆகஸ்ட்டில் இமயமலையில் மழை. மண் சரிந்தால் நாள்கணக்கில் ரோடு மூடிவிடும். மிச்சம் இருப்பது ஏப்ரல் கடைசியும் மே மாசமும். தோட்டத்தில் வேலை கம்மி, எனக்கும் செமஸ்டர் முடிஞ்சிருக்கும். ஆனால் நாக்பூர் பக்கம் வெயில் 45 டிகிரியைத் தொடும்!

அதனால்தான் ஐந்து மணிப் புறப்பாடு இன்னும் முக்கியமானது. பதினொன்றரைக்குள் ஓட்டி முடித்து, ரூமுக்குள் போய்விட வேண்டியது. டயரில் காற்றை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னாடி காலையிலேயே பார்த்துவிட வேண்டும். சூடான டயரில் அளந்தால் அளவு பொய் சொல்லும். தண்ணீர் கேன் ரெண்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒரு டப்பா. மே மாதம் சார்தாம் யாத்திரை சீசன் என்பதால் ரிஷிகேஷில் வண்டிகள் எறும்பு மாதிரி ஊரும். அங்கே தங்குமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்வது என்று முடிவு.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு, ட்ரெயின்ல போலாமே?" என்று சித்தி கேட்டது நியாயமான கேள்வி. 2010 கடைசியில் நின்ற எங்கள் போடி ரயில், 2023 ஜூன் 15-ல்தான் மறுபடி வந்தது. ஊருக்கே திருவிழா! ஆனால் வழியில் நினைத்த இடத்தில் இறங்கி, அப்பத்தா காலை நீட்டி உட்கார்ந்து, எல்லோரும் சேர்ந்து புளியோதரை சாப்பிடுகிற சுகம்? வண்டிதான் என்று ஓட்டு விழுந்தது, 5-க்கு 2!

துட்டுக் கணக்கு

கனவு ஃப்ரீ. டீசல் ஃப்ரீ இல்லை! எங்கள் கணக்கை அப்படியே தருகிறேன். உங்கள் வீட்டு நம்பரைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

6,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தால் 500 லிட்டர். லிட்டர் 95 ரூபாய் என்று போட்டால் 47,500 ரூபாய். சுங்கச்சாவடிக்கு 5,000. (சொந்த உபயோகத்துக்கான கார், ஜீப், வேன்களுக்கு 2025 ஆகஸ்ட் 15-ல் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வந்தது. அப்போதைய விலை 3,000 ரூபாய். ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும்தான் செல்லும். மாநிலச் சாலைகளுக்குத் தனியாக அழ வேண்டும்.) தங்க 23 இரவு, சராசரி 1,500 வீதம் 34,500. சாப்பாடு, நாளுக்கு ஆயிரம் வீதம் 24,000. கிளம்பும் முன் வண்டிக்கு சர்வீஸ் 12,000. ஆபத்துக்குத் தொடாத பணம் 20,000.

கூட்டினால் 1,43,000. ஏழு பேருக்குப் பிரித்தால் தலைக்கு சுமார் 20,400. அம்மா போட்டு வைத்த சீட்டு, சித்தப்பா பங்கு, நான் லீவில் சுமை ஏற்றிச் சம்பாதித்தது... சேர்த்தால் ஒப்பேறும். 'தொடாத பணம்' எதுக்கு என்று தங்கச்சி கேட்டாள். அம்மா சொன்னார்: "அது தொடாமலே வீட்டுக்கு வந்தா, அதுதான்டி நல்ல டூரு."

ஃப்ரெண்ட்ஸ், இங்கே ஒரு முக்கிய விஷயம். சொந்த வண்டி இல்லாதவர்கள், தெரிந்தவரின் வெள்ளை போர்டு வண்டியை வாடகை பேசி எடுத்துப் போவார்கள். வாடகைக்கு ஓட்ட அதற்கு அனுமதி கிடையாது. வழியில் ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். வாடகை என்றால் மஞ்சள் போர்டு, அகில இந்திய சுற்றுலா பெர்மிட் இருக்கிற வண்டியைப் பாருங்கள்.

மொட்டை மாடியில் ஒத்திகை

டென்ட்டை நேராக இமயமலையில் கொண்டுபோய்ப் பிரித்தால் அசிங்கப்படுவோம் என்று, இரவல் டென்ட் ஒன்றை வாங்கி வந்து எங்கள் மொட்டை மாடியில் அடித்தோம். ஆடிக் காற்று தெரியும்ல? கணவாய் வழியாக எங்கள் ஊருக்கு வருகிற காற்று அம்மியை நகர்த்துதோ இல்லையோ, டென்ட்டை நகர்த்தியது. பத்து நிமிஷத்தில் அது பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில்!

ரெண்டாம் தடவை தோட்டத்தில், மறைவான இடத்தில், நாலு மூலையிலும் முளை அடித்து, வாசலைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் வைத்தோம். நின்றது. உள்ளே போன அப்பத்தாவால் தரையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. நானும் தங்கச்சியும் தூக்கிவிட்டோம். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது தனோல்டியில், ராத்திரி ரெண்டு மணிக்கு, குளிரில் நடந்திருந்தால்? அன்றைக்கே முடிவு: அப்பத்தாவுக்கும் அம்மாவுக்கும் பக்கத்திலேயே ரூம். உத்தராகண்ட் அரசின் கட்வால் மண்டல் விகாஸ் நிகாம் நடத்துகிற விடுதிகள் மலை ஊர்களில் இருக்கின்றன. டென்ட், இளவட்டங்களுக்கு மட்டும்.

சமையலுக்குச் சின்ன கேஸ் அடுப்பு எடுத்துப் போவதாக பிளான். அதற்கும் ஒரு சட்டம் போட்டோம்: அடுப்பு எப்போதும் வெட்டவெளியில்தான். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ஸ்டேஷனில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்தது ஞாபகம் இருக்கலாம். லக்னோவிலிருந்து நம்ம பக்கம் கோயில் பார்க்க வந்தவர்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரில் டீ போட்டபோது தீப்பிடித்தது. 9 பேர் இறந்தார்கள். எங்களை மாதிரியே சொந்தச் சமையலோடு புனித யாத்திரை கிளம்பினவர்கள்தான். வண்டியில் போகும்போது ரெகுலேட்டரைக் கழற்றி வைப்பது, டென்ட்டுக்குள்ளோ மூடின ரூமுக்குள்ளோ குளிருக்காக அடுப்பையும் கரியையும் எரிக்காமல் இருப்பது... ரெண்டும் கட்டாயம். கரி எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

குரங்கணி சொல்லிக் கொடுத்தது

எங்கள் நோட்டின் முதல் பக்கம் மட்டும் ரொம்ப நாள் காலியாக இருந்தது. அதை நிரப்பினது அப்பா.

2018 மார்ச் 11. ஞாயிற்றுக்கிழமை. நான் ஆறாம் வகுப்பு. சாயங்காலம் எங்கள் மேற்கு மலைப் பக்கம் புகை தெரிந்தது. கோடையில் மலையில் நெருப்பு தெரிவது எங்களுக்குப் புதுசு இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் காட்டுக்குள் ஆட்கள் இருந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேற வந்தவர்கள், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்துகொண்டிருந்தவர்கள். காய்ந்த புல், மேலேறுகிற காற்று, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாத சரிவு. 23 பேர் இறந்தார்கள். பலர் நம்ம வயசுக்காரர்கள்.

அன்றைக்கு ராத்திரி அப்பாவும் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். குரங்கணிப் பக்கத்து ஜனங்கள் டோலி கட்டி ஆட்களைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். விடிந்து வீட்டுக்கு வந்தவர், அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. எட்டு வருஷம் கழித்து, இந்த டூர் நோட்டை வைத்துக்கொண்டுதான் முதல் தடவையாக என்னிடம் அதைப் பற்றிப் பேசினார்.

"அந்தப் பிள்ளைக மேல தப்பு சொல்லலடா. நம்பி வந்ததுக. ஆனா மார்ச் மாசம் அந்தப் புல்லு எப்படி எரியும்னு எங்க ஊரு ஆடு மேய்க்கிறவனுக்குத் தெரியும். அவன்கிட்ட யாரும் கேக்கல. நாளைக்கு நாம வேற ஊரு மலைக்குப் போறோம். அங்க நாமதான் தெரியாதவங்க."

அதற்கப்புறம்தான் நம்ம மாநிலத்தில் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 மலைப்பாதைகளை, ஆன்லைன் பதிவோடும் வழிகாட்டியோடும் திறந்தது. ஆனால் அப்பா சொன்னது விதியைவிடப் பழைய விஷயம்: அந்த மண்ணில் இருக்கிறவனைக் கேள்.

தேடிப் பார்த்தபோது, வடக்கிலும் அதே பாடம். 2014 ஜூன் 8. ஹைதராபாத்திலிருந்து டூர் போன இன்ஜினீயரிங் மாணவர்கள், ஹிமாச்சலில் மண்டி பக்கம் பியாஸ் ஆற்றில் இறங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்த லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறந்தார்கள். நிமிஷங்களில் ஆறு ஏறியது. 24 மாணவர்கள் போய்விட்டார்கள். எங்கள் கொட்டகுடி ஆறும் அப்படித்தான். போடியில் வெயில் அடிக்கும், மலையில் பெய்யும், ஆறு திடீரென்று வரும். 'ஆத்துக்குள்ள படுக்காதே' என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அதே குழந்தை ரிஷிகேஷ் போனால் மட்டும், 'ஆஹா, மணல்!' என்று டென்ட் அடிக்க இடம் தேடும்! அங்கே கங்கையின் கரையை ஒட்டிக் கூடாரம் போட தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடையே போட்டது.

உத்தராகண்டில் மே மாதம் பைன் மரச் சருகு மெத்தை மாதிரி காய்ந்து கிடக்கும். 2016-லும் 2024-லும் அங்கே பெரிய காட்டுத் தீ. அதனால் எங்கள் டூரில் கேம்ப் ஃபயர் கிடையாது. "கிடார் கூடவா கிடையாது?" என்று தங்கச்சி கேட்டாள். கிடார் ஓகே!

நோட்டிலிருந்து சில டிப்ஸ்

* வீட்டிலேயே மெதுவாக நடக்கிறவர் யாரோ, அவர் வேகம்தான் டூரின் வேகம்.
* மாத்திரைகள் 30 நாளுக்கு, ரெண்டு தனித்தனிப் பையில். ஒரு பை தொலைந்தாலும் தப்பிக்கலாம். டாக்டர் சீட்டு கட்டாயம்.
* ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ்: ஒரிஜினல் ஒரு கவரில், டிஜிலாக்கரில் ஒரு காப்பி. இன்ஷூரன்ஸ் நடுவழியில் முடிகிறதா என்று தேதி பாருங்கள்.
* அவசரத்துக்கு 112. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033. மலையில் சிக்னல் இருக்காது. போன் நம்பர்களைக் காகிதத்திலும் எழுதுங்கள்.
* ராத்திரி எங்கே தங்குகிறோம் என்று ஊரில் ஒருவருக்கு தினமும் தகவல். எங்களுக்கு மாமா.
* காட்டுக்குள் டென்ட்டா? வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. அனுமதி பெற்ற இடமானாலும், 'மழை எப்படி, தண்ணி எதுவரை ஏறும், தீ வந்தா எந்தப் பக்கம் போறது?' என்று உள்ளூர்க்காரரிடம் மூன்று கேள்வி.

கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது. அப்பத்தா இப்போதே துணிப்பையில் ரெண்டு சேலை, திருநீறு, ஒரு காலி சொம்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். சொம்பு கங்கைத் தண்ணிக்கு. நேற்று அந்தப் பைக்குள் இன்னொரு சின்னப் பொட்டலம் இருந்ததைப் பார்த்தேன். பிரித்தால், கால் கிலோ ஏலக்காய். அம்மா தரம் பிரித்ததில் நல்ல பச்சையாகப் பார்த்து எடுத்தது.

"இது எதுக்கு அப்பத்தா? அங்கதான் நம்ம ஊர் ஏலக்காயே விக்குமே!"

"விக்கிறது வேற ராசா. வழி சொல்றவுக, தண்ணி குடுக்கிறவுக, எறங்கச் சொல்லி எச்சரிக்கிறவுக... அவுகளுக்கு வெறுங்கையோட நன்றி சொல்ல முடியுமா?"

நோட்டின் முதல் பக்கத்தில் அப்பா தன் கோணல் கையெழுத்தில் எழுதியிருப்பது மூன்றே வார்த்தை.

'கேட்டுக் கேட்டுப் போ.'